புள்ளியைத் திருடிய மவுஸ்

வகுப்பில் எனக்குக் குடைச்சல் என்று பெயர். எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று குடைந்து பார்ப்பதால் வந்த பெயர் அது. இந்தக் கதையில் நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் பள்ளி லேபில் இருக்கும் கணினிகள் எல்லாம் அரதப்பழசு. படம் வராது, பாட்டு வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும், அவ்வளவுதான். அதில் எழுதுவதற்கென்று லேப் மிஸ்ஸே ஓர் எடிட்டர் செய்து வைத்திருந்தார். எழுதவும் திருத்தவும் சேமிக்கவும் உதவுகிற புரோகிராமுக்குத்தான் எடிட்டர் என்று பெயர். மிஸ்ஸுக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். யாராவது குறை சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும்.

அந்த எடிட்டரில் மவுஸ் வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் கீபோர்டுதான். சேமிக்க வேண்டுமென்றால் இடது கோடியில் இருக்கிற கண்ட்ரோல் கீயையும், வலது கோடியில் இருக்கிற ஓர் எழுத்தையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் கதைக்காரிக்கு?

கதைக்காரி எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுடைய வலது கை பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காது. இடது கையால் மட்டும் தட்டுவாள். அந்த ஒரு கைக்கு இருக்கும் வேகம் என் இரண்டு கைக்கும் கிடையாது. வகுப்புப் பலகையில் வாராவாரம் அவளுடைய தொடர்கதை வரும். அதில் ஒரு திருடன், நகைப் பெட்டியை விட்டுவிட்டு அதன் பூட்டை மட்டும் திருடிக்கொண்டு போகிறான். அவன் யார், வெறும் பூட்டு அவனுக்கு எதற்கு என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

சேமிக்கும்போது மட்டும் அவள் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். வருகிறவர்கள் கீயை அழுத்திவிட்டுச் சும்மா போவார்களா? திரையில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். போன வாரம் வந்து அழுத்தியவன் ஒலிபெருக்கி. பெயரைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். மணி அடிப்பதற்குள் அந்த வாரத்து ரகசியத்தை வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான். மறுநாள் அவள் கதையை ஒட்டியபோது, படிக்க ஓர் ஆள்கூட வரவில்லை.

கதைக்காரி அழவில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கீயை அழுத்துகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

“நீ மூட மாட்டே,” என்றாள் அவள். “நானா இருந்தா நானும் மூட மாட்டேன். யாரும் வேணாம், நானே அழுத்தணும். அது முடிஞ்சா எழுதுறேன்.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்று மாலை முழுவதும் கீபோர்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் எஃப் ஒன், எஃப் டூ என்று ஒரு கூட்டமே வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதில் ஒன்றைச் சேமிக்கும் கீயாக மாற்றிவிட்டால் ஒரே விரல் போதுமே.

மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். அந்தக் கீகளை அழுத்தினால் திரையில் குப்பைதான் விழும், அதனால்தான் தொடவில்லை என்றார். நான் விடுவேனா? பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

“சரி, உள்ள போய்ப் பாரு,” என்றார் கடைசியில். “ஆனா உடைச்சா நீதான் ஒட்டணும்.”

எஃப் டூவை அழுத்தினேன். ஓ, கியூ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் விழுந்தன. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஓ, கியூ. எஃப் த்ரீயை அழுத்தினால் ஓ, ஆர். எஃப் ஃபோருக்கு ஓ, எஸ். எனக்குப் பொறி தட்டியது. குப்பை என்றால் கண்டபடி அல்லவா இருக்கும்? இது வரிசையாக வருகிறதே. கீ ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்கிறது, எடிட்டருக்குத்தான் அது புரியவில்லை.

கீயை அழுத்தும்போது வருகிற ஒவ்வொன்றையும் எண்ணாகக் காட்டும்படி எழுதிப் பார்த்தேன். அந்த இரண்டு எழுத்துக்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஓடி வருவது தெரிந்தது. ‘இனி வருவது எழுத்து இல்லை, கீயின் பெயர்’ என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறியும் ஓவும் கியூவும் சேர்ந்து வந்தால் கதையைச் சேமி என்று எடிட்டருக்குச் சொல்லிவைத்தேன். பிறகு எஃப் டூவை அழுத்தினேன். ‘சேமித்தாயிற்று’ என்று திரையின் அடியில் வந்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மறுநாள் கதைக்காரி அதை அழுத்திப் பார்த்தாள். ஒரே வரியை எழுதுவதும் சேமிப்பதுமாக இருந்தாள். போதும், கீ தேய்ந்துவிடும் என்று நான்தான் நிறுத்தினேன்.

ஆனால் எனக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. மேலே எங்கோ ஒரு வார்த்தையைத் திருத்த, அவள் அம்புக்குறிக் கீயைத் தட்டிக்கொண்டே, தட்டிக்கொண்டே இருந்தாள். பார்க்கிற எனக்கே விரல் வலித்தது. தொட்டதுதான் தொட்டோம், மவுஸையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மவுஸும் அதே மாதிரிதான். கிளிக் செய்தால் முதலில் அந்தக் குறி, பிறகு எத்தனையாவது வரி, வரியில் எத்தனையாவது இடம் என்ற எண்கள். அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டுகிற கர்சரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்படி எழுதினேன். மிஸ்ஸையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கதைக்காரி இடது கையில் மவுஸைப் பிடித்தாள்.

திரையில் ‘திருடன் வந்தான்’ என்று இருந்தது. ‘திருடன்’ என்ற சொல் முடிகிற இடத்தில் கிளிக் செய்து, இடம் விட்டு, ‘மெல்ல’ என்று தட்டினாள். திரையில் வந்தது இது: ‘திருடன மெல்ல் வந்தான்.’

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மிஸ் என்னைப் பார்த்தார். கதைக்காரி மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டை மட்டும் இல்ல,” என்றாள், “புள்ளியையும் திருடிட்டான்.”

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆமாம், புள்ளிதான். நமக்கு ‘ன்’ என்பது ஒரே எழுத்து. கணினிக்கோ அது இரண்டு: ன ஒன்று, புள்ளி ஒன்று. திரையில் புள்ளிக்குத் தனி இடம் கிடையாது, எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். மவுஸ் திரையில் இருக்கும் இடங்களை எண்ணிச் சொல்கிறது. என் புரோகிராம் புள்ளியையும் ஓர் ஆளாகச் சேர்த்து எண்ணியதால், கர்சர் எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அங்கே ‘மெல்ல’வைத் தட்டியதும், ன-வின் புள்ளி நகர்ந்து ல-வின் தலையில் ஏறிக்கொண்டது.

புள்ளியைத் தனியாக எண்ணாதே, எழுத்தையும் புள்ளியையும் பிரிக்காதே என்று எடிட்டருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். மறுபடி கிளிக் செய்தாள். ‘திருடன் மெல்ல வந்தான்.’ ஒரு புள்ளிகூட அசையவில்லை.

மிஸ் அன்றே அதை எல்லாக் கணினிகளிலும் ஏற்றினார். எடிட்டரைத் திறந்தால் முதலில் அவர் பெயர் வரும். அதற்குக் கீழே இப்போது ஒரு வரி கூடுதலாக வருகிறது: ‘எஃப் கீகளும் மவுஸும்: குடைச்சல்’. அம்மாவை லேபுக்குக் கூட்டிவந்து காட்டினேன். கணினியை மூடி மறுபடி திறக்கச் சொல்லி, அம்மா இரண்டு தடவை படித்தாள்.

கதைக்காரி கடைசி அத்தியாயத்தை எழுதத் தொடங்கினாள். திரையை யாருக்கும் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேமிக்க யாரையும் கூப்பிடவில்லை. பிரிண்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, தாள் வெளியே வர வர எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி என்னிடம் வந்து குழைந்தான். “அந்தக் கீயே நீ போட்டதுதானே. உனக்குத் தெரியாமலா இருக்கும்? யாருன்னு சொல்லேன்.”

“சத்தியமா தெரியாது,” என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

மறுநாள் காலை கதைக்காரி தாள்களைப் பலகையில் தானே குத்திவிட்டு ஒதுங்கி நின்றாள். எங்கள் வகுப்போடு பக்கத்து வகுப்பும் வந்து மொய்த்தது. நானும் முட்டி மோதி, யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு முன்னால் போனேன். கடைசி வரிக்கு வந்ததும் என்னை அறியாமல் “ஐயோ, இவனா” என்று கத்திவிட்டேன்.

பின்னால் கதைக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது.