இடப்பக்கம் பார்க்கும் கண்

முன்னறி வில்லை என்ற சாதனம் வந்த பிறகு, கபடியில் பாடிப் போவது என்றாலே பிடிபடப் போவது என்று ஆகிவிட்டது. எதிராளியின் கண்மணிகள் அசைவதைப் படித்து, அவள் எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்று அந்த வில்லை பச்சைக் கோடு போட்டுக் காட்டிவிடும். நகம் அளவுகூட இல்லாத சாமான்! அதைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஏழு பேர் காத்து நின்றால் எவள் தப்பி வருவாள்? கால் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், கண்ணுக்கு மட்டும் அது வராது.

அப்படியும் புள்ளி எடுத்து வந்தவள் நெல்லை அணியின் முத்துப்பேச்சி ஒருத்திதான். கோவை அணித் தலைவி ரோஷிணியின் முழங்கை ஒரு ஆட்டத்தில் தவறிப்போய் இடித்ததில் பேச்சியின் வலது கண் போயிற்று. "பார்வை தர்ற செயற்கைக் கண்ணு, அந்தக் காண்விழி பொருத்திட்டு வா, இறுதி ஆட்டத்துல இறக்குறேன். ஒத்தக் கண்ணோட வந்தா பெஞ்சுதான்" என்றார் பயிற்சியாளர்.

பாளையங்கோட்டையில் செயற்கைக் கண் செய்யும் மைதீன் பாயிடம் போனாள். துணைக்கு வந்தவள் அதே அணியின் ஜெசிந்தா. அவள் தூங்கும்போதுகூட வில்லையைக் கழற்றாதவள்.

காண்விழியைப் போட்டதும் பேச்சிக்குப் பார்வை பளிச்சென்று வந்தது. நல்ல கண் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது.

"ஏட்டி, பச்சைக் கோடு முன்ன விட நல்லாத் தெரியுது!" என்று ஜெசிந்தா கை தட்டினாள். இரண்டு கண்ணும் சேர்ந்து அசைந்தால் வில்லை இன்னும் சுலபமாகப் படித்துவிடும் என்று பேச்சிக்குப் புரிந்தது. இதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கி என்ன பிரயோஜனம்?

அதைக் கழற்றிவிட்டு, அளவு பார்க்கும் வெறும் பிளாஸ்டிக் கண்ணை வைத்தார் பாய். அதில் பார்வை கிடையாது, அது அசையவும் அசையாது. போதாக்குறைக்கு இடப்பக்கமே முறைத்தது. பேச்சி எழுந்து வலப்பக்கக் கண்ணாடிக்குத் திரும்ப, வழிவிட ஒதுங்கிய ஜெசிந்தா நேரே அவள் மேலேயே மோதினாள்.

"ஏட்டி! வில்லை இடதுன்னு காட்டுது, நீ வலதுல வாற?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாய், எனக்கு இதுவே போதும்."

"விளையாடுதியா? அது அளவுக் கண்ணும்மா! பாக்கிறவங்க என் தொழிலைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பேச்சி கண்ணாடியில் பார்த்தாள். முகம் அவளுக்கே பிடிக்கவில்லை, அழுகை வந்தது. காண்விழியோடு இறங்கி, பிடிபட்டுப் பிடிபட்டுக் கடைசியில் பெஞ்சில் உட்காருவதை நினைத்தபோது அதைவிடப் பெரிய அழுகை வந்தது. அதையே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பயிற்சியாளர் முதலில் கத்தினார். பிறகு தானே வில்லையைப் போட்டுக்கொண்டு அவள் எதிரே நின்றார். அடுத்தடுத்து மூன்று தடவை தொட்டுவிட்டு ஓடினாள். மறுபேச்சில்லாமல் அணியில் சேர்த்தார்.

இறுதி ஆட்டம் கோவையோடு. வில்லை ஒரு பக்கம் கோடு போட்டது, பேச்சி மறுபக்கம் தொட்டாள். ஏழு பேரும் கோட்டைத் துரத்திக் காற்றைப் பிடித்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது.

"அந்தக் கருமத்தைக் கழட்டி எறியுங்க!" என்று ரோஷிணி அலறினாள். எறிந்தார்கள். ஆனால் இத்தனை வருஷம் கோட்டை மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். பதினான்கு நல்ல கண்கள் இருந்தும், எதிரே ஆடும் இரண்டு கால்களைப் பார்க்கத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டில் ரோஷிணியையே தொட்டாள் பேச்சி. மூன்று பேர் மேலே விழுந்து அமுக்க, விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது. கோப்பை நெல்லைக்கு! ஜெசிந்தா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள். ஊடகக்காரர்கள் படம் எடுத்தபோது பேச்சி அந்தக் கண்ணைத்தான் முன்னால் காட்டினாள்.

அடுத்த வாரம் மைதீன் பாய் போனில் பேசினார். "உன்னால எனக்குத் தலைவலிம்மா. கடை வாசல்ல ஒரே வரிசை. எல்லாம் ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற பிள்ளைங்க. நல்ல கண்ணு மேலயே ஒரு மூடி வேணுமாம், அது இடப்பக்கம் பாக்கணுமாம். ஒத்தக் கண்ணு மறைஞ்சாலும் பரவாயில்லையாம். மொத ஆளா அந்த ரோஷிணி நிக்கா. என்ன சொல்ல?"

பேச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அடுத்த தடவை என் காலைப் பாக்கச் சொல்லுங்க பாய். அதுக்குக் காசே ஆகாது."

பாய் வாசலுக்குப் போய் அப்படியே சொன்னார். வரிசையிலிருந்து ஒருத்திகூட நகரவில்லை.