தள்ளக் கூடாது, அண்ணா!

தர்மன் தோட்டத்துப் பிள்ளைகளிடம் யாராவது, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் போதும், பதில் வராது. பிள்ளைகள் இரண்டடி பின்னால் போவார்கள். பக்கத்தில் மரம் இருந்தால் கெட்டியாகக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து வந்த மாதா கோயில் சாமியார், ஆறு வயது சவரியின் தலையைத் தடவி, அன்பாக அப்படித்தான் கேட்டார்.

"வேணாங்க சாமி! வேணாங்க!" என்று அலறிக்கொண்டே சவரி ஓடிப்போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

சாமியார் திகைத்துப் போனார். "பையனுக்கு வயிறு சரியில்லையா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

வயிற்றில் ஒன்றுமில்லை. காரணம் மாதையன்தான்.

மாதையன் கிணற்று மோட்டார்களுக்கு ரிப்பேர் பார்ப்பவர். எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும் முங்கி எடுத்துக் கொடுப்பவர். கோடை விடுமுறை வந்தால், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் நீச்சல் வாத்தியார். அவர் கற்றுக்கொடுக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுவார். கிணற்றுப் படியில் நிறுத்துவார். சிரித்த முகமாக, "காலையில என்ன சாப்பிட்ட, கண்ணு?" என்பார். பிள்ளை வாயைத் திறந்து, "களி" என்று சொல்வதற்குள் முதுகில் ஒரு தள்ளு. தொபுக்கடீர்!

அந்தப் பக்கத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் பாதிப்பேர் இப்படித் தள்ளப்பட்டவர்கள்தான். மாதையனையும் சின்ன வயதில் யாரோ இப்படித்தான் தள்ளினார்களாம்.

சவரியின் அக்கா ராஜமேரிக்குப் பத்து வயது. அதிகம் பேசாத பெண். அப்பா மரியசூசைக்குத் தர்மன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததால், பொங்கல் முடிந்ததும் குடும்பம் தோட்டத்துக்கே குடிவந்திருந்தது. வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. பெரிய சதுரக் கிணறு. ஒரு பக்கம் கல்படி. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கிடையாது.

கோடை விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம் சவரி கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான். கன்றுக்குட்டி கிணற்றைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிவிட்டது. சவரி திரும்பவில்லை. கடைசி நொடியில் ராஜமேரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். பிய்ந்த பித்தான் ஒன்று உருண்டுபோய்க் கிணற்றில் விழுந்தது.

அன்று இரவு அம்மா வேளாங்கண்ணி சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ராஜமேரி நீச்சல் கத்துக்கணும். தம்பியும் அவ பின்னாலயே கத்துக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரும் பாலக்கோட்டுல அத்தை வூட்டுல இருந்து படிக்கட்டும்" என்றாள்.

"கெணத்தைச் சுத்தி முள்ளு வெட்டிப் போடறன், புள்ள" என்றார் அப்பா.

"முள்ளு போட்டா ஆடு வராது. தண்ணி மொண்டார வழி வுட்டுத்தான் ஆவணும். அந்த வழியில இவன் ஓட மாட்டானா? நான் களைவெட்டப் போனா உசுரு இங்கதாங்க கெடக்குது."

"சரி, மாதையங்கிட்டச் சொல்றன்" என்றார் அப்பா.

பாக்கியமேரி அத்தை நல்லவர்தான். வாரத்துக்கு ஒருநாள் இட்லி கூடச் சுடுவார். ஆனால் அங்கே அம்மா இருக்க மாட்டாளே! ராஜமேரி படுத்துக்கொண்டே யோசித்தாள். சவரி அவள் காதருகே வந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, நான் போவ மாட்டன். பாலக்கோட்டுக்கும் போவ மாட்டன். மாதையண்ணங்கிட்டயும் போவ மாட்டன்."

"பேசாம தூங்குடா."

"நீ போவியா?"

ராஜமேரி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். போவாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் கிணற்றோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்த்தாள். மாதையன் ஒவ்வொரு பிள்ளையாகத் தள்ளினார். தள்ளியதும் அவரும் குதித்தார். தண்ணீருக்குள் போன பிள்ளை தலையைத் தூக்கும்போது அவர் கை அங்கே இருக்கும். ஒருமுறைகூடத் தவறவில்லை. அழுத பிள்ளைக்குக் கரையில் வைத்த பொட்டலத்திலிருந்து வெல்லம் எடுத்துக் கொடுப்பார். கெட்டவர் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அப்படியானால் செல்லி ஏன் வருவதில்லை?

செல்லி அடுத்த தோட்டத்துப் பெண். விடுமுறையின் முதல் நாளே தள்ளப்பட்டவள். அதற்குப் பிறகு அவள் கிணற்றுப் பக்கமே வரவில்லை. ராஜமேரி அவளைத் தேடிப் போனாள். செல்லி வீட்டு வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் செல்லி, தண்ணின்னா பயமா?"

"தண்ணிக்கு என்ன பயம்? தண்ணி சில்லுன்னு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம்?"

செல்லி ஒரு கடலையை வாயில் போட்டு மென்றாள். கண் கலங்கியது.

"அன்னிக்கு எங்க வூட்டுல இட்லி. மாதையண்ணன் சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. நானும் ஆசையா, இட்லியும் கார சட்னியும்னு சொல்ல வந்தன். இட்லின்னு கூட முழுசாச் சொல்லல, தள்ளிட்டாரு. இப்ப யாரு பின்னால நின்னாலும் எனக்குத் திக்குன்னு இருக்குது."

ராஜமேரி திரும்பி நடந்தாள். வழியெல்லாம் செல்லி சொன்னதே மனதில் ஓடியது. ஒருவர் நல்லவர்தான், நீச்சலும் நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் அவருக்கு முதுகைக் காட்டவே பயமாக இருந்தால், அவரிடம் எப்படிப் பாடம் படிப்பது? போகாமல் இருந்தால் பாலக்கோடு. போனால் தள்ளு.

நடுவில் வேறு வழியே இல்லையா? ஒரு வழி இருந்தது. அதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மாதையனிடமே போய்ப் பேச வேண்டும்.

முதலில் கன்றுக்குட்டியிடம் பேசிப் பார்த்தாள்.

"அண்ணா, நான் கத்துக்கறங்க. ஆனா தள்ளக் கூடாதுங்க."

கன்றுக்குட்டி அவள் முழங்கையை நக்கியது. மாதையன் நக்க மாட்டார், திட்டினாலும் திட்டுவார். ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பழகியதில் நாக்கு கொஞ்சம் இளகியிருந்தது.

மாதையன் மோட்டார் கொட்டகையில் கையெல்லாம் கிரீசாக உட்கார்ந்திருந்தார்.

"யாரு, மரியசூசண்ணன் மகளா? உங்கப்பாரு சொன்னாரு. நாளைக்கே வந்துரு கண்ணு."

"வர்றங்க அண்ணா." ராஜமேரி ஓரடி முன்னால் வந்தாள். "ஆனா நீங்க தள்ளக் கூடாதுங்க."

மாதையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தள்ளாம எப்பிடி? கரையில உக்காத்தி வெச்சிப் பாட்டா சொல்லித் தருவாங்க?"

"நானே குதிக்கறங்க."

"இப்பிடிச் சொன்னவங்க எத்தினி பேரு தெரியுமா? படியில நின்னு நின்னு காலு கடுத்து வூட்டுக்குப் போயிட்டாங்க. இங்க பாரு, நாளைக்கு உங்காலு வழுக்குதுன்னு வெய்யி. கெணறு உன்னையக் கேட்டுட்டா உள்ள இழுக்கும்?"

ராஜமேரி தரையைப் பார்த்தாள். கன்றுக்குட்டி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே! பிறகு மெல்லச் சொன்னாள்.

"கெணறு கேக்காதுங்க. ஆனா நீங்க கெணறு இல்லீங்களே அண்ணா."

மாதையன் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது.

"செல்லிக்குத் தண்ணி பயம் இல்லீங்க. நீங்க பின்னால நிக்கறதுதான் பயமாம். நீங்க முன்னால, தண்ணியில நின்னு கூப்புடுங்க. நான் வர்றன்."

மாதையன் கிரீஸ் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"செல்லி அப்பிடியா சொன்னா? சளி புடிச்சிருக்குதுன்னில்ல அவங்கம்மா சொன்னாங்க..." என்றார். துணியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வா. ஆனா பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நீயாக் குதிக்கலைன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

அடுத்த நாள் முதல் ராஜமேரி முதுகில் சுரைக்குடுக்கையோடு கிணற்றுப் படியில் இறங்கினாள். முதல் நாள் கால் மட்டும் நனைத்தாள். மறுநாள் இடுப்பு வரை. அப்புறம் மாதையனின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்த படியில் நின்றபடி காலடித்துப் பழகினாள்.

தோட்டத்துச் சொந்தக்காரர் தர்மனின் மகன் சென்றாயனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவன் இரண்டு வருடத்துக்கு முன்பு தள்ளப்பட்டவன். இப்போது கிணற்று மேட்டிலிருந்தே குதிப்பவன்.

"ஏய், கால் கழுவ வந்தியா? சோப்பு குடுக்கட்டுமா?"

"எருமை கூட இதைவிட வெரசா எறங்கும்டா" என்றான் அவன் கூட்டாளி.

ராஜமேரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. தண்ணீர் முகத்தில் தெறித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவள் காலடிப்பதை நிறுத்தவில்லை.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. அன்று கிணற்றோரம் கூட்டம். அம்மாவும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள். சவரி அவள் முந்தானையைப் பிடித்திருந்தான். கூட்டத்தின் கடைசியில் செல்லி, யாரும் தன் பின்னால் நிற்காதபடி மரத்தில் சாய்ந்து நின்றாள்.

ராஜமேரி மேல்படிக்கு வந்தாள். கீழே பச்சைத் தண்ணீர். பார்க்கப் பார்க்க அது தூரமாகப் போனது.

"தள்ளுண்ணா! இவ குதிக்கப் போறதில்ல!" என்று சென்றாயன் கத்தினான். மற்ற பையன்களும், "தள்ளு! தள்ளு!" என்று கைதட்டினார்கள்.

மாதையன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எத்தனையோ வருடத்துப் பழக்கம் அது. அவர் வாய் தானாகத் திறந்தது.

"காலையில என்ன..."

கையும் தானாக மேலே எழும்பியது.

ராஜமேரி ஓடவில்லை. எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மாதையனுக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோல அதையே பார்த்தார். "ஐயோ, கை தானாப் போவுது பாரு!" என்று முணுமுணுத்தார். அடுத்த நொடி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அவரே முதலில் குதித்துவிட்டார். தண்ணீர் பையன்கள்மேல் தெறித்தது.

கிணற்று நடுவில் தலையைத் தூக்கி, இரண்டு கையையும் நீட்டினார்.

"வர்றியா, ராஜமேரி?"

"இருங்க அண்ணா."

"சரி."

அவர் காத்திருந்தார். பையன்கள் கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு தொண்டை வறண்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். மாதையன் அப்போதும் கையைக் காலை ஆட்டியபடி அங்கேயே மிதந்துகொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

ராஜமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வர்றங்க!"

தொபுக்கடீர்!

அம்மா, "மாதாவே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது மகள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, இருமிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கையும் காலும் ஒரு கணக்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் நகர்ந்தாள். மாதையன் பின்வாங்கிப் போகப் போக, அவரை நோக்கி நகர்ந்தாள். அப்படியே கிணற்றைக் கடந்து மறுபக்கச் சுவரைத் தொட்டுவிட்டாள்.

"தொட்டுட்டன்! அம்மா, தொட்டுட்டன்!"

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், சுரைக்குடுக்கை இல்லாமலே அவள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தாள். அம்மா முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். துவட்டித் துவட்டி முடியெல்லாம் சிக்கிக்கொண்டது.

"பாலக்கோட்டுப் பேச்சை இனிமே யாரும் எடுக்கப்படாது" என்றாள், வேறு யாரோ அந்தப் பேச்சை எடுத்ததுபோல. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கிணற்றில் செல்லி குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குதிப்பதற்கு முன்னால், "அண்ணா, முன்னாலயே நில்லுங்க!" என்று கத்தினாள். மாதையனும் முன்னாலேயே நின்றார்.

பிறகு அவர் மேல்படியைப் பார்த்தார். அங்கே சவரி, அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்ன சவரி, வர்றியா?"

சவரி தண்ணீரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மாதையனைப் பார்த்தான்.

"இன்னிக்கு வேணாங்க."

"சரி" என்றார் மாதையன். அதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

சவரிக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தான். அக்காவின் கையை விட்டுவிட்டு, தானாகவே ஒரு படி கீழே இறங்கினான்.

"நாளைக்கும் கேளுங்க அண்ணா!" என்றான்.