நடுவில் நின்றவர்கள்

செவ்வாயின் செம்புலம் நகரத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் முதல் வேலை மூச்சு அளந்து கொடுப்பது. நகரத்தின் காற்றுக் குழாய் காட்டுக் கூடத்துக்குள் வராது. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் ஒரு மூச்சுப்பை. வாயாடிகளுக்கு அரைப் பை கூடுதல். பிலோமினா டீச்சர் கழுத்தில் விசிலும் கொண்டையில் செருகிய பேனாவுமாக நின்று, யார் யார் வாயாடி என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரினுக்கு முழுப் பை கூடுதலா குடுங்க" என்றாள். "இவ தூங்கறப்பகூட கேள்வி கேக்கறவ."

பூமியில் காடுகள் அழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கு வந்தவர்கள் கொண்டுவந்த பழைய புகைப்படங்களைப் பார்த்து, மீட்டுருவி என்ற இயந்திரம் அந்தக் காடுகளை ஒளியாலும் ஈரத்தாலும் மணத்தாலும் மறுபடி கட்டியிருந்தது. படத்தில் உள்ளதை மட்டுமே அது கட்டும். ஒரு காலத்தில் தெரியாத இடத்தையெல்லாம் தானாக நிரப்பப் போய் வரையாட்டுக்கு ஆறு கால் வைத்துவிட்டது. ஒரு தலைமுறையே அதைப் படித்துப் பரீட்சையும் எழுதித் தேறியது. அதன்பின் இயந்திரங்கள் கற்பனை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. படத்தில் உள்ள மனிதர்களின் உருவத்தைக் காட்டக் கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்தது.

இரண்டு சட்டமும் சேர்ந்து அடித்த கூத்தைக் கூடத்துக்குள் பார்க்கலாம். அருவி உச்சியில் ஜோராகக் கொட்டும். பாதியில் ஆள் வடிவத்தில் ஒரு சாம்பல் வெற்றிடம். வரையாட்டின் கொம்பு இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம், நடுவே கைகளை விரித்தபடி ஒரு சாம்பல் மனிதன். பெரிய மரம் ஒன்றுக்குக் கிளைகள் மட்டும்தான் உண்டு. அடிமரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடும்பமே நின்றது.

"இவங்கதான் காட்டுக் காவலர்கள்" என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சொன்னாள் டீச்சர். "இயற்கைக்கு ஒண்ணும் ஆகாம முன்னாடி நின்னு காப்பாத்தினவங்க."

நஸ்ரின் குனிந்து சாம்பல் மனிதனின் காலைப் பார்த்தாள். "டீச்சர், ஷூ நுனி நம்ம பக்கம் இருக்கு. அருவிக்கு முதுகைக் காட்டிட்டு எப்படி அருவியைக் காப்பாத்துவாங்க?"

டீச்சரும் குனிந்து பார்த்தாள். இத்தனை வருடமாக இதே பாடத்தை நடத்துகிறாள், ஷூ நுனியை அவள் கவனித்ததே இல்லை. வழிகாட்டி இயந்திரத்தைப் பார்த்தாள். ஊகிக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று அது பணிவாகச் சொல்லிவிட்டது. காவலர்கள் எதிரி வரும் திசையைத்தானே பார்ப்பார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அது அவளுக்கே ஒட்டவில்லை.

கூடத்தின் கடைசி அறையில் உயிருள்ள செடி ஒன்று இருந்தது. பூமியிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரே குறிஞ்சி. இடுப்புயரம் வளர்ந்து, யாரும் எதிர்பாராமல் அன்றைக்குப் பூத்திருந்தது.

வழிகாட்டி சொன்னது: "பூத்ததும் இந்தச் செடி இறந்துவிடும். இங்கே தேனீ இல்லை, ஆகவே விதையும் இல்லை. மனிதர் கேட்டு எடுக்கும் படத்தை மட்டுமே மீட்டுருவி ஏற்கும். நீங்கள்தான் கடைசிப் பார்வையாளர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு படம்."

முன்னோர்கள் ஒரே அருவிக்குக் கோடிக்கணக்கில் படம் எடுத்துச் சேமிப்பகத்தைத் திணறடித்ததால் வந்த கட்டுப்பாடு அது. டீச்சருக்குக் கண் கலங்கியது. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பூவைப் பார்ப்பதும் பார்க்காததும் தன் கையில் இருப்பதை நினைத்தபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"வரிசையா வாங்க. குட்டைப் பிள்ளைங்க முன்னாடி உக்காருங்க. பூவோட சேந்து நிக்கணும், தள்ளி நிக்கக் கூடாது."

"பூவை மட்டும் எடுக்கலாமே டீச்சர்" என்றாள் நஸ்ரின்.

"அப்புறம் நாம வந்துட்டுப் போனதுக்கு என்னடி அடையாளம்?"

பிள்ளைகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கண்ணை மூடாதே என்று ஒருவனை அதட்டினாள். நடுவில் தனக்கு விட்டிருந்த இடத்தில் போய் நின்றாள். இப்படியே எடுக்கட்டுமா என்று வழிகாட்டி ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது. எடு என்றாள். வந்த படத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நஸ்ரின் மட்டும் திரும்பிப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்ததால், டீச்சருக்குத் திரும்பும் வழியெல்லாம் எரிச்சல். இருந்த ஒரே படத்தைக் கெடுத்துவிட்டாளே.

அடுத்த ஆண்டு புது வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசி அறையில் குறிஞ்சியைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். இடது ஓரம் நாலைந்து இலைகள், வலது ஓரம் ஒரு கிளை நுனி. இடையில் சின்னச் சின்னச் சாம்பல் உருவங்கள், அவற்றின் நடுவே அகலமாக ஒன்று. கொண்டையில் பேனா, கழுத்தில் விசில்.

"டீச்சர், இந்தக் காவலர் யாரு?" என்று ஒரு பையன் கேட்டான்.

அவள் கை தானாகக் கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டது. பூ என்ன நிறம்? நீலமா, ஊதாவா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வந்தது சட்டைக் காலரும் அரைக்கண் மூடிய ஒரு முகமும்தான். நஸ்ரினைக் கேட்டால் சொல்வாள். ஆனால் வாய்ச்சொல்லை மீட்டுருவி ஏற்காது.

"இந்த ஆண்டுப் படத்தை எடுக்கலாமா?" என்றது வழிகாட்டி.

அவள் திரும்பினாள். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் அந்தச் சாம்பல் உருவங்களின் முன்னால் வரிசை கட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் டீச்சருக்கு இடம் விட்டிருந்தார்கள்.