இடது இருக்கையின் எடை

இரண்டாவது பாலத்தின் நடுவில் கார் மறுபடியும் இடப்பக்கம் இழுத்தது.

பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து தீவுக்குத் திரும்பும் நேரம். கடலின் மேல் வெயில் சாய்ந்து, பாலத்துக் கம்பிகளின் நிழல் சாலையில் வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது. தனுஜா ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தாள். காற்று இல்லை, சாலையில் சரிவு இல்லை. ஆனாலும் காரின் மூக்கு, யாரோ ஒற்றை விரலால் தள்ளுவதுபோல, ஓரத் தடுப்பை நோக்கி, தடுப்புக்கு அப்பால் தகடாகப் பளபளத்த கடலை நோக்கித் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் இழுத்தாள். அது எதிர்த்தது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல, விட்டுவிட்டது. கூடவே அந்தச் சத்தம். டக், டக். டாஷ்போர்டின் இடப்பக்கத்தில் எங்கோ.

பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. இந்தக் காரில் எப்போதும் கோபம்தான் முதலில் ஏறி உட்காரும்.

அது தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. அவள் கணவன் கோகுலன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. காது கிழியும் சைலன்சர் போட்டான், கல்யாணத்துக்கு அப்புறம் பின்முதுகில் பெரிய இறக்கை ஒன்றைப் பொருத்தினான். அடியில் ரப்பர் புஷ்கள் பொடிந்து, அதிர்வைத் தாங்கும் அப்சார்பர்களில் எண்ணெய் வழிந்து, திருப்பத்தில் கார் குடித்தவனைப்போல் தள்ளாடியதை அவன் ஒருநாளும் கவனிக்கவில்லை. வெளியே தெரியாத எதையும் அவன் கவனித்ததில்லை. பத்து வருடம் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்த மனைவியையும் சேர்த்து.

ஒரே ஒருமுறை, ஜெலுத்தோங் கடலோரச் சாலையில், அவளை ஓட்ட விட்டான். விரல் மோதிரத்தால் டாஷ்போர்டில் தட்டிக்கொண்டே வந்தான். எதற்கும் பொறுமையில்லாதபோது அப்படித்தான் தட்டுவான். அடுத்த வளைவில், "விடு, நான் பாத்துக்கறேன்" என்று பக்கத்திலிருந்தே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். முன்சக்கரம் சாலை விளிம்புக் கல்லில் மோதியது. அன்று மாலை நண்பர்களிடம், "என் பொண்டாட்டி ஓட்டின லட்சணத்தப் பாருங்க லா" என்று சக்கரத்தின் நெளிவைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவனைக்கூட மன்னித்துவிடலாம். தன்னுடைய அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

சென்ற வருடம் பூப்பந்து ஆடுகையில் கோகுலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழவில்லை. கருமாதி முடிந்த கையோடு மாமியார் ருக்குமணி காரைக் கேட்டார்.

"சின்னவன் மோகனராஜ், அண்ணன் ஞாபகமா காடிய வச்சிக்கிறேங்கிறான்மா. அது ஆம்பள காடி லா. உனக்கு எதுக்கு?"

"நான் ஓட்டுவேன் அத்தை."

"ஓட்டுவியா? சரி. எங்கயாவது கொண்டுபோய் இடிச்சன்னா, அன்னிக்கே சாவியக் கொடுத்துரணும்."

"கொடுத்துர்றேன்" என்றாள் தனுஜா. அவளுக்கு அந்தக் கார் மேல் ஆசை இருந்ததே இல்லை. இனிமேல் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்கில் ஹைதர் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். இறக்கையைக் கழற்றி எறிந்தார்கள். சைலன்சரின் கத்தலை அடக்கினார்கள். புஷ், அப்சார்பர், பிரேக், டயர் என்று சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். வேலை முடிந்து முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது, கார் தள்ளாடாமல், தயங்காமல், அவள் பார்த்த இடத்துக்குப் போனது. சொன்னதைக் கேட்டது. நடுச்சாலையிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் இந்த இழுப்பு ஆரம்பித்தது. அப்புறம் அந்த வாசனை. இடது இருக்கைக்கு அடியில் கோகுலன் எப்போதும், சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு வைத்திருப்பான், கரப்பான் வராது என்று. அந்தக் காய்ந்த முடிச்சை அவள்தான் கையால் எடுத்துக் குப்பையில் போட்டாள். இப்போது, கண்ணாடிகளை ஏற்றியதும், அப்போதுதான் கத்தியால் நறுக்கிய பச்சைப் பாண்டானின் வாசனை காருக்குள் மெதுவாக நிறைந்தது.

பாலத்திலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு விட்டாள்.

"மூணு வாட்டி அலைன்மென்ட் பாத்தாச்சு தங்கச்சி" என்றார் ஹைதர். "மில்லி அளவுகூடத் தப்பில்ல. நீங்க ஸ்டியரிங்க முறைச்சிப் பாத்துக்கிட்டே ஓட்டுறீங்களோ என்னமோ, அது பயந்துக்கிட்டு ஒதுங்குது."

"ஜோக்கு வேணாண்ணே. அது இழுக்குது. சத்தமும் போகல."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நாலு தட்டைத் தராசுகளை எடுத்துவந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒன்றாக வைத்தார். எந்த மூலையில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்து, ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் வேலை அது.

"ஏறி உக்காருங்க. ஓட்டுறவங்க எடையோட வச்சித்தான் இத செட் பண்ணணும்."

அவள் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை தூற ஆரம்பித்து, தகரக் கூரை சடசடத்தது. ஹைதர் கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காரைச் சுற்றிவந்து இடது கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.

"பக்கத்துல பாரமா எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"இடப்பக்கம் ஒரு ஆள் எடை கூடுதலா காட்டுது."

தனுஜா திரும்பிப் பார்த்தாள். காலி இருக்கை. கறுப்புத் துணி. அதன் நடுவில், ரொம்ப நேரம் ஒருவர் உட்கார்ந்து எழுந்ததுபோல், இல்லை, இன்னும் எழாததுபோல், ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். பத்து வருடம் மெத்தையில் அவள் பக்கத்தில் அது இருந்தது. அதற்குள் உருண்டுவிடாமல், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகியவள் அவள்.

உடம்பு சில்லிட்டது. அடுத்த நொடியே காது மடல்வரை சூடேறியது. செத்த பிறகுமா? இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த பிறகுமா?

ஹைதர் கதவை மெல்லச் சாத்தினார். உதடுகள் சத்தமில்லாமல் எதையோ ஓதின. "தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க. இந்தக் காடிய வித்துருங்க. யாருக்காச்சும் கொடுத்துருங்க."

"செட் பண்ணுங்கண்ணே."

"என்னா?"

"அந்த எடையோடயே செட் பண்ணுங்க. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்க ஏத்துங்க. பக்கத்துல ஆள் இருக்குன்னு கணக்கு வச்சிக்கிட்டுச் சரிபண்ணுங்க."

"இல்லாத ஆளுக்குக் கணக்கு வைக்கிறதா? வேணாம்மா."

"இருக்காரு. நீங்களே பாத்தீங்கல்ல?"

ஹைதர் பெருமூச்சு விட்டுக் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். தொழிற்சாலையில் அளவு பிசகிய சாமான்களைக் கண்டுபிடிப்பதுதான் தனுஜாவின் வேலை. ஒரு பிசகு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதைச் சமாளித்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. கல்யாண வாழ்க்கை முழுக்க அவள் செய்ததும் அதுதான். அவன் கோபத்துக்கு ஏற்ற குரல், அவன் மௌனத்துக்கு ஏற்ற குழம்பு. இன்னும் ஒருமுறை, கடைசியாக ஒருமுறை, அவனுக்கு இடம் விட்டுச் சரிசெய்துகொண்டால் அப்புறம் அவனால் இழுக்க முடியாது.

மழை விட்டிருந்தது. ரெலாவ் தாண்டி, பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் ஏறும்போது வானத்தில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. மூடிக்கிடந்த டுரியான் பழக் கடைகள், ஈரத்தில் மினுங்கும் தார், இரு பக்கமும் சொட்டிக்கொண்டிருந்த மரங்கள். கார் நேராகப் போனது. வளைவுக்கு வளைவு, தண்டவாளத்தில் போவதுபோல் போனது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு நொடி கையை எடுத்தாள். நேராகவே போனது.

டக், டக்.

"தட்டு" என்றாள் தனுஜா. "நல்லாத் தட்டு. என்னா செய்ய முடியும் உன்னால?"

பாண்டான் வாசனை அடர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. பத்து வருடமாக வயிற்றுக்குள் அமுக்கி வைத்திருந்ததெல்லாம், ஒவ்வொரு திருப்பத்திலும், வெளியே கொட்டியது. நெளிந்த சக்கரம். நண்பர்கள் முன்னால் சிரித்தது. அவள் சம்பளத்தில் அவன் வாங்கிய அந்தக் கேடுகெட்ட இறக்கை. கட்டில் விளிம்பு. "உன்னையும் சேத்துத்தான் செட் பண்ணியிருக்கேன். நீ இருந்தாலும் நான் ஓட்டுவேன்டா. நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டே பாரு. பாத்துக்கிட்டே இரு!"

தட்டல் நின்றது.

உச்சியைக் கடந்து கார் இறக்கத்தில் இறங்கத் தொடங்கியது. எஞ்சினின் சத்தம் மட்டும். அவளுடைய மூச்சு மட்டும். பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட, மெல்லிய சத்தம்.

இருக்கை மூச்சு விடுவதுபோல்.

கண்ணோரத்தில் பார்த்தாள். பள்ளம் நிறைந்துகொண்டிருந்தது. அமுங்கியிருந்த பஞ்சு மெதுவாக, மிக மெதுவாக மேலெழுந்து, துணி இழுபட்டு, மட்டமாகியது. அங்கே யாரும் இல்லை. எழுந்துவிட்டான். போய்விட்டான்.

ஒரு நொடி சந்தோஷம்.

கார் வலப்பக்கம் சாய்ந்தது.

அவனுக்காக ஏற்றிய ஸ்பிரிங் இடப்பக்கத்தைத் தூக்கியது. கார் நடுக்கோட்டைத் தாண்டியது. எதிர்ச்சாலை. அதற்கு அப்பால் தாழ்ந்த இரும்புத் தடுப்பு. அதற்கு அப்பால் மர உச்சிகள், இருட்டு. இடப்பக்கம் இழுத்தாள். ஸ்டியரிங் அசையவில்லை.

அவள் இருக்கை அமுங்கியது.

இன்னும் அமுங்கியது. சீட் பெல்ட் மார்பில் இறுகியது, இருவரைச் சேர்த்துக் கட்டியதுபோல். மடியில் பாரம். தோளில் பாரம். அவள் புறங்கைகளின் மேல் குளிர். பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.

கால்மேல் ஒரு கால் இருந்தது. அது ஆக்சிலரேட்டரை அழுத்தியது.

பாண்டான் வாசனை இப்போது அவள் வாய்க்குள்ளிருந்து வந்தது. அவளுடைய மோதிரமில்லாத விரல் உயர்ந்தது. ஸ்டியரிங்கில் தட்டியது.

டக்.

டக்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். தடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் குரலில், அவள் நாக்கில், பொறுமையில்லாமல் ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

"விடு, நான் பாத்துக்கறேன்."