படகுத்துறை நிலாக்கள்

“சந்தன மாதா?”

“கானிமீட். வியாழனோட நிலா. இருக்கிறதுலயே பெருசு.”

“அடுத்தது?”

“அந்தோணி ராஜா. அது யூரோப்பா.”

“அதுக்கும் அடுத்தது?”

“மிக்கேல். அது டைட்டன். சனியோடது.”

இனிகோ வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எங்கேயும் தடுமாறவில்லை. இசக்கிசெல்வி மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்தாள். எல்லாம் சரி.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம் அமைதியாக இருந்தது. மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால், இரண்டு மாதங்களாக விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. எல்லாப் படகுகளும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. சிலர் பெயிண்ட் அடித்தார்கள். சிலர் கிழிந்த வலையைத் தைத்தார்கள்.

இனிகோவின் அப்பா ‘ஜெபமாலை’ என்ற படகை ஓட்டுபவர். செல்வியின் அப்பா பால்துரை துறைமுக வாசலில் கடை வைத்திருந்தார். செல்வியும் இனிகோவும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள்.

பள்ளி திறந்த வாரமே சரண்யாதேவி டீச்சர் ஒரு போட்டியை அறிவித்திருந்தார். நிலாக்கள், குறுங்கோள்கள் பற்றிய வினாடி வினா. டீச்சர் கேள்வி கேட்க மாட்டார். மாணவர்களே இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்.

“யாரைப் பார்த்துக் கேள்வி வருதோ, அவங்கதான் பதில் சொல்லணும். பக்கத்துல இருக்கிறவங்க வாயைத் திறக்கக் கூடாது” என்றார் டீச்சர். “அன்னிக்குச் சாயங்காலம் நம்ம மைதானத்துக்குப் பெரிய தொலைநோக்கி வருது. ஜெயிக்கிற ஜோடிதான் அதைத் திருப்பி வியாழனைப் பிடிச்சுக் காட்டணும். மத்தவங்க வரிசையில நின்னு பார்க்கலாம்.”

இனிகோ செல்வியின் காதில் கிசுகிசுத்தான். “அந்தக் குழாயை நான் திருப்பணும்ளா. நான் இதுவரைக்கும் எதுலயும் ஜெயிச்சதே இல்ல. சாக்கு ஓட்டத்துல கூட சாக்குதான் முன்னால போச்சு.”

ஆனால் இனிகோவுக்குப் புத்தகம் என்றால் தகராறு. ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி பறந்துவிடும்.

அவனுக்கு மறக்காத ஒன்று உண்டு. துறைமுகத்தில் எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவான். அதைக் கவனித்தவள் செல்விதான். ஒவ்வொரு படகுக்கும் ஒரு நிலாவின் பெயரை வைத்தாள். கடைசியில் நின்ற ஐந்து படகுகள் குறுங்கோள்கள். சீரிஸ், புளூட்டோ, ஹவுமியா, மகேமகே, எரிஸ்.

ஒரே வாரத்தில் இனிகோ எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய போட்டி செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. தொலைநோக்கி வரத் தாமதமாம்.

“நல்லதாப் போச்சு. இன்னும் நாலு நாள் படிக்கலாம்” என்றாள் செல்வி.

“நாலு நாளா? நான் டீச்சருக்கே பாடம் எடுப்பேன்” என்றான் இனிகோ.

திங்கட்கிழமை காலை. பள்ளிக்குப் போகும் வழியில் செல்வி கேட்டாள்.

“மகேமகே எப்படி இருக்கும்லே?”

இனிகோ கண்ணை மூடித் திறந்தான்.

“சரி, சுலபமாக் கேக்கேன். டைட்டன் யாரோட நிலா?”

இனிகோ நின்றுவிட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“ஒண்ணுமே வரலளா. விடியுமுன்ன எல்லாப் போட்டும் தொழிலுக்குப் போச்சு. நான்தான் கையாட்டி அனுப்பினேன். இப்ப கண்ணை மூடினா வெறும் தண்ணிதான் தெரியுது.”

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். மீன்பிடித் தடைக்காலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள்தான் மாதா கோயில் சாமியார் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். இருவரும் கூடவே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் படகுகள் போனால் நிலாக்களும் போய்விடும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

“ராத்திரி திரும்பி வந்துரும்லா?” என்றாள் அவள்.

“வரும். ஆனா முந்தி வாரது முந்தி கட்டும். பழைய வரிசை இனிமே கிடையாது.”

பள்ளி விட்டதும் இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். படகுகள் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் தளும்பியது. இனிகோ கயிறு கட்டும் தூணில் உட்கார்ந்தான்.

“நீ நஜ்லா கூட சேந்துக்க. நான் மாரிராஜ் கூட இருக்கேன். ஜோடியை மாத்திக்கலாம்னு டீச்சரே சொல்லிருக்காங்க” என்றான்.

நஜ்லா வகுப்பில் முதல் மாணவி. அவளோடு சேர்ந்தால் ஜெயிப்பது நிச்சயம். அவளுடைய ஜோடி மாரிராஜ், சனிக்கோளைச் சனிக்கிழமை மட்டும் தெரியும் கோள் என்று நம்பிக்கொண்டிருப்பவன்.

செல்வி ஒரு கணம் யோசித்தாள். தொலைநோக்கியைத் திருப்பும் தன் கை அவள் கண் முன் வந்தது. பக்கத்தில் இனிகோவின் கை, தூணில் இருந்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் முடியாது. குழாயை ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் நான் பிடிக்கேன். அப்படித்தான் பேசியிருக்கோம்” என்றாள்.

இனிகோ நிமிர்ந்து பார்த்தான். ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. அவனைச் சிரிக்கவைக்க நினைத்து, செல்வி சும்மா கேட்டாள்.

“மிக்கேல் போட்டு இந்நேரம் எங்க இருக்கும்?”

“அதுவா? எல்லாருக்கும் பின்னாலதான் இருக்கும். எப்பவும் புகையைக் கக்கும். அது போனா பாதிக் கடல் கறுத்துரும்.”

செல்வி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏலே! புகையைக் கக்குமா?”

“ஆமா. நீ பாத்ததில்லியா?”

“நிலாக்கள்ல புகையையும் நெருப்பையும் கக்குற நிலா எது தெரியுமா? அயோ. அதுலதான் எரிமலை ஜாஸ்தி. நாம மிக்கேலுக்குத் தப்பாப் பேரு வச்சிட்டோம். அது டைட்டன் இல்ல. அதுதான் அயோ!”

இனிகோ வாயைப் பிளந்தான்.

“பழசை எல்லாம் விட்டுரு. போட்டு எங்க நின்னா என்ன? ஒவ்வொண்ணும் எப்படின்னு உனக்குத்தான் தெரியுமே. எது ரிவர்ஸ்ல போவும்?” என்றாள் செல்வி.

“ஜெபமாலை. எங்கப்பா எப்பவும் பின்பக்கமாத்தான் கொண்டு வந்து கட்டுவாரு. மறுநாள் நேரா வெளிய போயிரலாம்லா.”

“அப்ப அதுதான் ட்ரைட்டன். நெப்டியூனோட பெரிய நிலா. நெப்டியூன் ஒரு பக்கம் சுத்துனா, இது எதிர்ப்பக்கம் போவும்.”

“ஐஸ் பெட்டி ஓட்டையாகி, தண்ணி பீய்ச்சி அடிக்கிற போட்டு ஒண்ணு உண்டு. சந்தன மாதா.”

“என்செலடஸ்! சனியோட நிலா. ஐஸுக்குள்ள இருந்து தண்ணி பீய்ச்சும்.”

இனிகோ தூணில் இருந்து குதித்து இறங்கினான். இப்போது அவன் சொல்லச் சொல்ல, செல்வி புத்தகத்தைப் புரட்டினாள். கடல் ராணி என்ற புதுப் படகு வந்தபோது, எதைப் பெரிய படகு என்று சொல்வது என்று சண்டை வந்ததாம். அதில் புனித சூசையைச் சின்னப் படகு என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

“அய்யோ பாவம், புளூட்டோ!” என்று செல்வி சிரித்தாள். “எரிஸைக் கண்டுபிடிச்ச பிறகுதான் புளூட்டோவைக் கோள் இல்லைன்னு சொன்னாங்க.”

“அந்தோணி ராஜா கதை தெரியுமா?” என்றான் இனிகோ. “போன வருசம் ஸ்டியரிங் பூட்டிக்கிட்டு, ஒரே இடத்துல வட்டம் போட்டுது. சுத்துன சுத்துல மேல இருந்த மீன் கூடையெல்லாம் ஓரத்துக்குப் போயிட்டு. வேகமாச் சுத்துற குறுங்கோள் எதும் இருக்கா?”

“ஹவுமியா. அதுதான் வேகமாச் சுத்தும். பாக்க முட்டை மாதிரி நீளமா இருக்கும்.”

இனிகோ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்.

“ஏளா, சுத்துறதாலதான் அது நீளமாச்சோ? கூடை ஓரத்துக்குப் போன மாதிரி?”

செல்வி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஹவுமியாவின் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘வேகமாகச் சுழல்வதால் நீண்டுவிட்டது’ என்று இருந்தது. அந்த வரியை அவள் இதுவரை படித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம். மற்ற ஜோடிகள் எல்லாம் வெளியேறி, இரண்டு ஜோடிகள் மட்டும் மிஞ்சின. செல்வியும் இனிகோவும் ஒரு பக்கம். நஜ்லாவும் மாரிராஜும் மறுபக்கம்.

நஜ்லா நேராக இனிகோவைப் பார்த்தாள். “எரிமலைகள் அதிகம் உள்ள நிலா எது?”

இனிகோவின் முகம் மலர்ந்தது. “மிக்கேல்!” என்று கத்தினான்.

வகுப்பே சிரித்தது.

“இல்ல இல்ல, அயோ டீச்சர், அயோ!”

“முதல் பதில்தானே டீச்சர் கணக்கு?” என்றாள் நஜ்லா.

டீச்சர் வருத்தத்தோடு தலையசைத்தார். “ஆமாப்பா. மிக்கேல்னு ஒரு நிலா இதுவரைக்கும் கண்டுபிடிக்கலியே.”

இனிகோவின் காதுகள் சிவந்தன. செல்வி எதுவும் சொல்லக் கூடாது. அதனால் தன் காலால் அவன் காலை லேசாகத் தட்டினாள். பயப்படாதே என்று அர்த்தம்.

அடுத்து செல்வி மாரிராஜைக் கேட்டாள். “குறுங்கோள்களில் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது எது?”

மாரிராஜ் கூரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். “தூத்துக்குடியில இருந்து தெரியுமா அது?” என்றான். நஜ்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“சீரிஸ்” என்றாள் செல்வி. இரண்டு பக்கமும் இப்போது சமம்.

நஜ்லா மறுபடியும் இனிகோவைப் பிடித்தாள். “தன் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றும் பெரிய நிலா எது?”

இந்த முறை இனிகோ அவசரப்படவில்லை. கண்ணை மூடினான். அப்பா கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி, மெதுவாக, மெதுவாக, பின்பக்கமாக ஜெபமாலையைத் துறைக்குள் கொண்டு வந்தார்.

“ட்ரைட்டன்” என்றான் இனிகோ. “நெப்டியூனோடது.”

“சரி!” என்றார் டீச்சர். “இப்போ நீ நஜ்லாவைக் கேளு. இதுதான் கடைசிக் கேள்வி. அவ சொல்லலைன்னா நீதான் விடை சொல்லணும்.”

இனிகோ தொண்டையைச் செருமினான். “ஹவுமியா ஏன் முட்டை மாதிரி இருக்கு?”

நஜ்லா வேகமாகப் பேசத் தொடங்கினாள். “ஹவுமியா ஒரு குறுங்கோள். அதுக்கு ரெண்டு நிலா. ஒரு வளையமும் இருக்கு. அது முட்டை வடிவம்…” அப்படியே நின்றாள். “ஏன்னு… ஏன்னு புத்தகத்துல இல்லியே.”

“இருக்கு. பொடி எழுத்துல” என்று சொல்லத் துடித்த வாயைச் செல்வி இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

இனிகோ ஒரு படகின் கதையைச் சொன்னான். சுற்றிக் காட்டினான். கூடைகள் எப்படி ஓரத்துக்குப் போயின என்று கைகளை விரித்துக் காட்டினான். “ஹவுமியாவும் அவ்வளவு வேகமாச் சுத்துது. அதான் ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு நீளமாப் போச்சு” என்று முடித்தான். சுற்றிய வேகத்தில் அவனே பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“சரியா டீச்சர்?” என்று நஜ்லா கேட்டாள்.

“ரொம்பச் சரி” என்றார் டீச்சர்.

நஜ்லா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே கேட்டாள். “அந்தப் போட்டை எனக்கும் காட்டுவியாலே?”

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் மேற்கே வியாழன் தெரிந்தது. கடல் காற்றில் மைதானம் குளிர்ந்திருந்தது. செல்வி குழாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இனிகோ மறுபக்கத்தைப் பிடித்தான். கொஞ்சம் இடது. கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம்.

“நீதான் முதல்ல” என்று செல்வி ஒதுங்கினாள்.

இனிகோ கண்ணை வைத்தான். வெகுநேரம் அசையவில்லை. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது.

“வியாழன் பக்கத்துல சின்னச் சின்னப் புள்ளியா நாலு நிலா தெரியணும். தெரியுதா?” என்றார் டீச்சர்.

“வரிசையா நிக்கி டீச்சர். ஆனா மூணுதான் இருக்கு.”

செல்வியும் பார்த்தாள். மூன்றுதான்.

“அப்படின்னா ஒண்ணு வியாழனுக்குப் பின்னால போயிருக்கும்” என்றார் டீச்சர்.

வரிசையில் முதலில் நின்ற நஜ்லாவுக்கு ஏமாற்றம். “நாலாவது எனக்குத் தெரியாதா அப்ப?”

இனிகோ நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

“கவலைப்படாத. அது தொழிலுக்குப் போயிருக்கு. கரைக்கு வந்துரும்.”