நாற்றம் நின்ற நிமிடம்

"ஐயோ... மேல இழு...!"

சாக்கடைக் குழிக்குள்ளிருந்து வந்த அலறல் பாதியில் அறுந்தது.

1936. திருவல்லிக்கேணிச் சந்து ஒன்று. காலை எட்டு மணி.

அடைப்பு எடுக்க இறங்கிய எல்லப்பன், பன்னிரண்டடி ஆழத்தில், கறுப்புத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான்.

அசைவில்லை!

சப்-இன்ஸ்பெக்டர் உமர் ஃபாரூக் சைக்கிளில் வந்து குதித்தார்.

"யாருய்யா கூட இருந்தது?"

"நான்தான் எசமான். வடிவேலு. அவன் கூட்டாளி. இழுக்கச்சொல்ல கயிறு அவுந்துக்கிச்சு." இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான். "உசுரு கீதோ இன்னாவோ... எறங்கிப் பாக்குறேன்."

வடிவேலுவின் மனைவி தேவானை கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

"வாணாம் மாமா! அழுவுன முட்டை நாத்தம் கொடலைப் புடுங்குது. பயமா கீது!"

"நாத்தத்துக்குப் பயந்தா நமக்கு ஏதுடி கஞ்சி? வுடு!"

இறங்கினான்.

நாலடி... ஆறடி...

"மாமா! இன்னா ஆச்சு? பேசு!"

"ஒண்ணுமில்ல புள்ள... நாத்தம் போயிடுச்சு... சுத்தமா இல்ல..."

சந்துக் கோடியில் சாயப்பட்டறை நடத்தும் கரீமுல்லா, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இழுங்க அவனை! நாத்தம் போகல... அவன் மூக்கு செத்துப்போச்சு! அடுத்து மூச்சு!"

கயிறு திடீரென்று கனத்தது.

தேவானையும் நாலு பேரும் இழுத்தார்கள். துணி மூட்டையாக வந்து விழுந்தான் வடிவேலு. அவன் மார்பில் ஓங்கி அறைந்தாள் தேவானை. ஒரு முறை... இரண்டு முறை...

இருமினான்!

கொக்கி போட்டு எடுத்த எல்லப்பன் இருமவில்லை.

ஃபாரூக் கரீமுல்லாவின் சட்டையைப் பிடித்தார்.

"உனக்கு எப்படிய்யா தெரியும்? உன் சாயத் தண்ணிதானே இதுல ஓடுது?"

"ஓடுது சாஹிப். கந்தகச் சாயம். ஆனா அதுல திராவகம் பட்டாத்தான் இவ்ளோ விஷக்காத்து கெளம்பும். என் பட்டறையில ஒரு சொட்டு திராவகம் கெடையாது, அல்லா சத்தியமா! யாரோ ஊத்திக்கீறாங்க!"

"யாரு?"

"நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

எதிர்வீட்டு வாசலில், பென்ஷன் வாங்கும் ஸ்ரீரங்கன். கையில் காலி ஜாடி. முகத்தில் பெருமை!

"இந்த நாத்தத்துக்குக் கார்ப்பரேஷனுக்கு மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. கக்கூஸ் அலம்பற திராவகம் ரெண்டு ஜாடி, நானே எங்காத்துக் குழாய் வழியா சாக்கடையில விட்டேன்."

ஃபாரூக்கின் குரல் இறங்கியது. "உள்ள ஆள் இருக்கான்னு தெரியாதா சாமி?"

"தெரியுமே! அவன் எறங்கினதைப் பார்த்துண்டுதான் விட்டேன். அவன் இருந்தாத்தானே நன்னாக் கலக்கி விடுவான்?"

தேவானை வடிவேலுவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கன் கையில் விலங்கு 'க்ளிக்' என்றது.

"என்ன ஓய் அக்கிரமம்! இன்னும் ஒரு மணி நேரத்துல இங்கே துளி நாத்தம் இருக்காது, பாரும்!"

"எல்லப்பனுக்கு இப்பவே இல்ல சாமி... நடங்க!"