இன்ஜினுக்கு ஒரு பாட்டில் மரணம்

போன் அடித்தது!

அவளுடைய போன்தான். ஆனால் அவளால் எடுக்க முடியாது.

அவள் கைகள் இரண்டும் மடிமேல் சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன. அட்டைப் பெட்டிக்குப் போடுகிற அகலமான பழுப்பு டேப்! காரின் முன் இருக்கை. இடுப்பில் சீட் பெல்ட். பெல்ட்டை அக்கறையாகப் போட்டுவிட்டவர் அவளுடைய முதலாளி. இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரும் அவரே. போன் அவர் சட்டைப் பையில் அதிர்ந்தது.

"யாருன்னு பாக்கலாமா?" எடுத்துப் பார்த்தார். "அடடே... உன் பொண்ணு! ஸ்கூல் விட்டாச்சு போல."

"சார்... ஒரே ஒரு வார்த்தை பேசிக்கறேன் சார்..."

"பேசி?"

ஸ்விட்ச் ஆஃப்!

வாசலில் பையோடு நிற்கும் மகள் கண்ணுக்குள் வந்தாள். பயமென்றால் இப்படியொரு பயம் அவள் அறிந்ததில்லை.

முதலாளியின் தொழிற்சாலை இன்ஜின் ஆயிலில் கலக்கிற மருந்து தயாரிக்கிறது. அதைப் பரிசோதிப்பது அவள் வேலை. அங்கே அவளுக்கு 'மூணு தடவை' என்று பட்டப்பெயர். எந்த டெஸ்ட்டையும் மூன்று தடவை செய்வாள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால்தான் வாயைத் திறப்பாள். அதுவரை கட்டின புருஷனிடம்கூட மூச்சு விட மாட்டாள்.

புது மருந்து ஊற்றிய மூன்றாவது இன்ஜின் இன்று மதியம் நின்றுபோனது. நேராக முதலாளி அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

அவர் நிதானமாகக் கேட்டார். "மிச்ச சாம்பிளை குடோன்ல காட்டு" என்றார். குடோனில் ஆள் இல்லை. டேப் இருந்தது. நீளமாக ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது!

அந்த ஸ்க்ரூ டிரைவர் இப்போது அவர் தொடைமேல்.

"சார்... நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். நான் வரலன்னா உங்களைத்தான் தேடுவாங்க!"

அவர் சிரித்தார். "நீயா? மூணாவது ரிசல்ட் இப்பத்தானே வந்தது! உன்னை எனக்குத் தெரியாதா?"

பொய்கூட அவளுக்கு உதவவில்லை. அவளுடைய நல்ல பழக்கமே அவளைத் தனியாக மாட்டிவிட்டிருந்தது.

கார் மலைப்பாதையில் ஏறியது. மேலே கைவிடப்பட்ட கல்குவாரி. அதில் ஆழமான தண்ணீர்... அவளுக்குத் தெரியும்.

"சார், அந்த மருந்து வெளியே போகக்கூடாது சார்! ஊத்தினதும் சத்தம் குறையும். வண்டி நல்லா ஓடும். எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா உள்ளே படிஞ்சிருக்கற கசடையெல்லாம் ஒரேயடியா பேத்துக்கிட்டு வந்து, ஆயில் உறிஞ்சற வலையை அடைச்சிடும். அப்புறம் ஆயில் மேலே ஏறாது. இன்ஜின் இறுகிடும். வேகமா போற வண்டி நடு ரோட்டுல நின்னா... பின்னால வர்றவன் மோதிடுவான் சார். குடும்பத்தோட போறவங்க..."

"நின்னா மெக்கானிக் வருவான். பழைய வண்டி, அதான் போச்சும்பான். மருந்தை யாரு சந்தேகப்படுவா?"

"உங்க வண்டிக்கு ஊத்துவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? ஆயில் விக்கறவனே வேண்டியதெல்லாம் கலந்துதான் விக்கறான். அதுக்கு மேல எதுக்கு?" ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். "பத்து வருஷமா என் ராசியான வண்டி இது. நம்ம சரக்கு ஒரு சொட்டு இதுல இறங்கினதில்ல!"

மறுபடி போன்! இந்தத் தடவை அவருடையது. மீட்டருக்கு மேலே கவ்வி நின்ற ஹோல்டரில் அது மின்னியது. மனைவி.

ஸ்க்ரூ டிரைவரின் முனை அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"மூச்... சத்தம் வந்துச்சு, இங்கயே முடிச்சிடுவேன்!"

ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க... வண்டி எப்படி ஓடுது?" குரலில் குழைவு.

"வண்டிக்கென்ன? வழுக்கிக்கிட்டுப் போகுது. ஏன்?"

"சும்மாதான்... சாயங்காலம் வாங்க, ஒண்ணு சொல்றேன்!"

"சரி, வை."

முனை தொண்டையை விட்டு இறங்கியது. அப்போதுதான் அவள் கவனித்தாள்...

மீட்டரின் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு! குட்டியாக எண்ணெய்க் கேன் படம். மின்னி, அணைந்தது.

ஆயில் விளக்கு! ஹோல்டர் அதை அவர் கண்ணுக்கு மறைத்தது. பக்கத்திலிருந்த அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஒரு தடவை... அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம்.

அடுத்த வளைவு. மறுபடி சிவப்பு! கூடவே இன்ஜினுக்குள் மெல்ல ஒரு... டக்... டக்...

அந்தச் சத்தத்தை இந்த மாதத்தில் மூன்று இன்ஜின்களில் கேட்டவள் அவள். ஆனால் எப்படி? இவர்தான் ஒரு சொட்டு ஊற்றவில்லையே!

நேரான ரோடு வந்தது. விளக்கு எரிந்தது. அணையவில்லை.

மூணு தடவை!

இன்ஜின் சாகப் போகிறது. அது முதலில் செத்தால் அவள் பிழைக்கலாம். ஆனால் அவர் காதில் அந்த டக்டக் விழுந்துவிட்டால்? இங்கேயே நிறுத்துவார். குவாரி வரை காத்திருக்க மாட்டார்.

அவள் திடீரென்று ஓலமிட்டாள்!

"ஐயோ! மெதுவா போங்க சார்! எனக்கு மலை ரோடுன்னாலே ஆகாது! தலை சுத்துது! வேகமா மட்டும் போகாதீங்க சார்... உங்க கால்ல விழறேன்!"

"ஓ... வேகம்னா பயமா?" அவர் முகத்தில் குஷி.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் அலறியது. அதைவிடச் சத்தமாக அவள் அலறினாள். பாதி நடிப்பு. மீதி நிஜம்.

"சார் வேணாம்! சார்ர்ர்..."

"இன்னும் கொஞ்சம் பாக்கறியா?"

கடக்!

டயர்கள் கிறீச்சிட்டன. கார் வளைவின் நடுவே குறுக்காக நின்றது. பிறகு நிசப்தம்.

அவர் சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி திருப்பினார். டிக். இன்ஜின் அசையவில்லை.

மேலேயிருந்து விறகு ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. வழி இல்லாமல் பிரேக் போட்டு நின்றது.

"நீ என்னடி பண்ணினே?" ஸ்க்ரூ டிரைவர் உயர்ந்தது!

அவள் பக்கவாட்டில் பாய்ந்தாள். ஒட்டிய கைகளை ஸ்டியரிங்மேல் போட்டு ஹாரனை அழுத்தினாள். முனை தோளைக் கிழித்தது. கையை எடுக்கவில்லை. ஹாரன் மலையெங்கும் கத்தியது!

"யோவ்! வழியை அடைச்சிக்கிட்டு ஹாரன் வேற அடிக்கறியா?" லாரி டிரைவர் இறங்கி வந்தார். ஜன்னலில் குனிந்தார். டேப்பைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார்.

அவர் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. முதலாளியின் கையில் ஸ்க்ரூ டிரைவர்தான் இருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

* * *

போலீஸ் ஸ்டேஷன். அவள் தோளில் கட்டு. மடியில் மகள். பெஞ்சில் முதலாளி, விலங்கோடு. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம்.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். "எல்லாம் புரியுதும்மா. ஒண்ணுதான் இடிக்குது. நீ ஊத்தல. அவரும் ஊத்தலங்கறார். அப்ப மருந்தை யாரு ஊத்தினது?"

வாசலில் ஒரு விசும்பல். முதலாளியின் மனைவி!

"நான்தாங்க!"

முதலாளி விலுக்கென்று நிமிர்ந்தார். "நீயா?!"

"ஊருக்கெல்லாம் விக்கறீங்க... நம்ம வண்டிக்கு ஊத்த உங்களுக்கு நேரமில்லன்னு நினைச்சேங்க. சாயங்காலம் சொல்லி அசத்தலாம்னு காலையில நானே ஊத்தினேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு பாட்டில் ஊத்தினாலே இன்ஜின் ஆயுசு கூடும்னு உங்க விளம்பரத்துல போட்டிருந்தது. அதான்... நாலு பாட்டில்!"

முதலாளி தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். விலங்கு தடுத்தது.

இன்ஸ்பெக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இவள் பக்கம் திரும்பினார். "அந்த மருந்து இன்ஜினைக் கெடுக்கும்னு உறுதியா சொல்றியாம்மா?"

மகளின் தலையைக் கோதியபடியே சொன்னாள் 'மூணு தடவை'.

"மூணு டெஸ்ட் நான் பண்ணினேன் மேடம். நாலாவதை முதலாளியே ஓட்டிக் காட்டிட்டார்... ரிசல்ட் மாறல!"